திருகோணமலைத் துறைமுகமும் நடுச்செவியும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாற்றை எழுதியோர் அதனைக் கண்ணாற் காணும் இடமாகவே பெரிதும் நோக்கியுள்ளனர். இயற்கைத் துறைமுகத்தின் ஆழம், சுவாமி மலையின் உயரம், பிரெடரிக் கோட்டையின் மதில்கள், போர்க்கப்பல்களின் வரிசை என்பனவே அவ்வரலாறுகளை நிரப்புகின்றன. அவ்விடம் எவ்வாறு ஒலித்தது என்பதும், அவ்வொலி அங்கு உழைத்தோரின் செவிகளுக்கு என்ன செய்தது என்பதும் வரலாற்று வினாக்களாக அரிதாகவே கருதப்பட்டன. இத்தனைக்கும் ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகத்தில் அத்தலம் கடலின் ஆரவாரத்தோடு இணைந்தே வருகின்றது. பக்திக் கவிஞரின் செவிக்குப் புலனானது பிற்கால வரலாற்றாசிரியரின் செவிக்கு எட்டாமற் போனமை ஆராயத்தக்கது.

மனிதப் புலன்கள் இயற்கையின் கொடை மட்டுமல்ல, அவை வரலாற்றினால் உருவாக்கப்படுவன என்பதை மார்க்ஸ் 1844ஆம் ஆண்டிற் பாரிசில் எழுதிய கையெழுத்துப் பிரதிகளிலேயே உணர்த்தியிருந்தார். புலன்கள் வரலாற்றினால் உருவாகின்றன எனில், அவை வரலாற்றினால் அழிக்கப்படவும் கூடும்; பின்னர் அதே வரலாற்றின் கருவிகளால் ஓரளவு மீட்கப்படவும் கூடும். நடுச்செவிக்குள் செயற்கைச் சிற்றெலும்பைப் பொருத்திக் கேட்டலை மீட்கும் சத்திரசிகிச்சை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றிய கதை இவ்வகையில் நமது கவனத்திற்குரியது. அச்சிகிச்சை எந்தச் செவிக்குப் பயன்பட்டது, எந்தச் செவிக்குப் பயன்படவில்லை என்ற வினாவைத் திருகோணமலைத் துறைமுகத்தில் நின்று எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நடுச்செவி செய்யும் வேலையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உட்துறைமுகத்தில் நீருள் மூழ்கியிருக்கும் ஒருவருக்குக் கரையில் நிற்பவர் கூப்பிடும் குரல் ஏறக்குறையக் கேட்பதேயில்லை. காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பிற் பட்டதும் அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்களவே நீருட் புகுகின்றது; எஞ்சியது திரும்பிச் சென்றுவிடுகின்றது. நமது உட்செவியும் நீர் நிரம்பிய ஓர் அறையே. காற்றிலிருந்து நீருக்கு ஒலியைக் கடத்தும் இச்சிக்கலையே நடுச்செவி தீர்த்துவைக்கின்றது. செவிப்பறையின் செயற்படு பரப்பு ஏறத்தாழ 55 சதுர மில்லிமீற்றர். மூன்றாவது சிற்றெலும்பின் அடித்தட்டின் பரப்பு 3.2 சதுர மில்லிமீற்றர் மாத்திரமே. பெரிய பரப்பிற் பெற்ற விசை சிறிய பரப்பிற் குவிவதால் அமுக்கம் பதினேழு மடங்காகின்றது. எலும்புகளின் நெம்புகோற் செயல் அதனை மேலும் 1.3 மடங்கு பெருக்க, மொத்தம் ஏறக்குறைய இருபத்திரண்டு மடங்கு அமுக்கம் உட்செவி நீரைச் சென்றடைகின்றது. இச்சங்கிலி அறுந்துவிட்டால், செவிப்பறை முழுமையாக இருப்பினும், 60 டெசிபெல் வரை கேட்டல் இழக்கப்படலாம். அதாவது எதிரே அமர்ந்திருப்பவரின் சாதாரணப் பேச்சே எட்டாது போகும்.

இவ்வெலும்புகளின் பெயர்கள் இலக்கிய மாணவனுக்கும் சுவைதரத்தக்கன. நமது பாடநூல்கள் அவற்றைச் சம்மட்டியுரு, பட்டையுரு, ஏந்தியுரு என்று வழங்குகின்றன; தமிழ்நாட்டு நூல்கள் சுத்தி எலும்பு, பட்டை எலும்பு, அங்கவடி எலும்பு என்கின்றன. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில், 1543ஆம் ஆண்டு வெளிவந்த தமது உடற்கூற்று நூலில் வெசாலியசு முதலிரண்டு எலும்புகளையும் கொல்லனின் சம்மட்டிக்கும் பட்டடைக்கும் ஒப்பிட்டார். சில ஆண்டுகளில் நேப்பிள்சில் இங்கிராசியா கண்ட மூன்றாவது எலும்பு குதிரை வீரனின் அங்கவடியின் பெயரைப் பெற்றது. உழைப்பவனின் கருவிகள் இரண்டும் ஆள்பவனின் சேணத்துறுப்பு ஒன்றுமாக அக்காலச் சமூகமே செவிக்குள் இடம்பிடித்தது எனலாம். சம்மட்டியும் பட்டடையும் எழுப்பும் ஓசைதான் கொல்லனின் செவியைக் கெடுத்தது என்பதை எண்ணும்போது இப்பெயரீட்டில் ஒரு கசப்பும் கலந்திருக்கின்றது. இச்சந்தர்ப்பத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியராகப் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீனை (1822-1884) நினைவுகூராமல் இருக்க முடியாது. மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அவர், இரணவைத்தியம் என்னும் சத்திரசிகிச்சை நூலை 1867இலும், கிரேயின் உடற்கூற்று நூலை மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் 1872இலும் வெளியிட்டார். மிசனின் சமயநோக்கு எதுவாயினும், மனித உடலை அதன் நுண்ணிய உறுப்புகள் வரை தமிழிற் பெயரிட்டுப் பேசுவது சாத்தியம் என்பதை அம்முயற்சி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நிறுவியது.

இனித் துறைமுகத்திற்கு வருவோம். 1782ஆம் ஆண்டு திருகோணமலை மூன்று ஐரோப்பிய வல்லரசுகளின் கைகளில் மாறிமாறிப் பந்தாடப்பட்டது. ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைப்பற்றினர். ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சவ்ரன் அதனைப் பறித்தெடுத்தார். செப்ரெம்பர் 3ஆம் நாள் துறைமுகத்திற்கு வெளியே பெருங்கடற்சமர் நிகழ்ந்தது. அதற்கு முன்னர், ஏப்ரல் 12ஆம் நாள், திருகோணமலைக்குத் தெற்கே புரொவிடியன் பாறைத்தீவருகே இரு கடற்படைகளும் மோதின. வியப்பிற்குரியது யாதெனில், அதே ஏப்ரல் 12ஆம் நாள் பூமியின் மறுபக்கத்தில் கரீபியன் கடலிலும் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் பொருதிக்கொண்டிருந்தனர். அங்கு பிரித்தானிய அட்மிரல் றொட்னியின் கப்பல் எண்பது முறை பக்கவாட்டுப் பீரங்கிகளைச் சேரச் சுட்டது என்றும், அதன் பின்னர் அவர் பதினான்கு நாட்கள் செவிடாக இருந்தார் என்றும் செவிநோய் வரலாற்று நூல்கள் தவறாது குறிப்பிடுகின்றன.

அட்மிரல் நின்றது மேற்றளத்தில், திறந்த வெளியில். பீரங்கிகளோ கீழ்த்தளங்களில், தாழ்ந்த கூரையின் கீழ், மரச்சுவர்களுக்கிடையில் இருந்தன. ஒவ்வொரு பீரங்கியையும் சூழ்ந்து நின்ற மாலுமிகளுட் பலர் பலவந்தமாகப் பிடித்துக் கொணரப்பட்ட ஏழைகள். அட்மிரலின் பதினான்கு நாட்செவிடு மருத்துவ வரலாறாயிற்று. அவர்களின் வாழ்நாட்செவிடு கணக்கில் வரவில்லை. புரொவிடியன் அருகே சுட்ட பீரங்கிகளுக்குப் பின்னாலும் இவ்வாறான மனிதரே நின்றனர். ஆவணம் யாருடைய உடலைப் பதிவுசெய்கின்றது என்பது ஆவணத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

1795இல் பிரித்தானியர் மீண்டும் திருகோணமலையைக் கைப்பற்றினர். 1957 வரை அது அவர்களின் கடற்படைத்தளமாக விளங்கிற்று. பாய்மரம் மறைந்து ஆவிக்கப்பல் வந்தபோது துறைமுகத்தின் ஒலியும் மாறியது. பீரங்கியின் இடி எப்போதாவது கேட்பது. இரும்பில் இரும்பு மோதும் ஓசை நாள்தோறும் கேட்பது. இந்த இரண்டாவது ஓசையின் விளைவைக் கிளாஸ்கோ நகரின் செவிவைத்தியர் தோமஸ் பார் 1886ஆம் ஆண்டு ஆராய்ந்தார். நூறு கொதிகலன் தொழிலாளரைச் சோதித்தார். அவர்களுள் ஒருவருக்கேனும் குறைவற்ற செவி இருக்கவில்லை. கொதிகலனின் உள்ளே அமர்ந்து ஆணியைத் தாங்கிப் பிடிப்பவன் வெளியே சம்மட்டியால் அடிப்பவனைவிட விரைவாகச் செவிடாகினான். செம்புக் கொல்லர் செவிடாவதை இத்தாலிய வைத்தியர் இரமசினி அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே எழுதியிருந்தார். அறிவு இல்லாமையால் இது நிகழவில்லை. பாரின் ஆய்வு வெளிவந்து 89 ஆண்டுகளின் பின்னர், 1975இல்தான், பிரித்தானியா தொழில்வழிச் செவிட்டை நட்டஈட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. முதலில் உலோகத் தொழில், கப்பல் கட்டும் தொழில் ஆகியவற்றின் குறிப்பிட்ட சில வேலைகளுக்கே அது பொருந்திற்று. அப்போது பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டுப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. பேரரசின் கப்பல்களைப் பழுதுபார்த்த தமிழ், முஸ்லிம், சிங்களத் தொழிலாளரின் செவிகள் அச்சட்டத்தின் எல்லைக்குள் ஒருபோதும் வரவில்லை.

இடையறாத ஓசை அழிப்பது நடுச்செவியை அன்று; உட்செவியில் நத்தைச்சுருளின் மயிர்க்கலங்களையே. மனிதரில் அவை அழிந்தால் மீள முளைப்பதில்லை. எத்தகைய எலும்பை நடுச்செவியிற் பொருத்தினும் அச்செவி திருந்தாது. நடுச்செவிப் பொய்யுறுப்பின் வெற்றிக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இதனைச் சொல்லாது விடுகின்றனர். ஆனால் சமூக வரலாற்றுக்கு இதுவே மையமான உண்மை.

பொய்யுறுப்பின் கதை பழையது. 1640ஆம் ஆண்டு மார்க்கஸ் பன்சர் என்ற ஜெர்மானியர், துளைபட்ட செவிப்பறைக்குப் பதிலாகப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் மூடிய சிறு குழாயொன்றை விதந்துரைத்தார். 1853இல் இலண்டன் வைத்தியர் யோசப் ரொயின்பி வெள்ளிக்கம்பியில் மெல்லிய இறப்பர்த் தகடு பொருத்திய செயற்கைச் செவிப்பறையை அறிமுகப்படுத்தினார். வன்கந்தகமேற்றிய இறப்பர் அப்போது புதுப்பொருள். இறப்பர் நாற்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தை வந்தடைந்ததோ 1876இல்தான். ரொயின்பி ஏறக்குறைய இரண்டாயிரம் செவிகளை அறுத்து ஆராய்ந்தவர்; ஏழைகளின் குடியிருப்புகளில் காற்றோட்டம் வேண்டும் என்று இயக்கம் நடத்தியவரும் அவரே. செவியிரைச்சலுக்கு மருந்து தேடித் தம்மீதே பரிசோதனை செய்து 1866இல் மாண்டார். அவருடைய மகன் ஆர்னல்ட் ரொயின்பியின் விரிவுரைகளே ‘கைத்தொழிற் புரட்சி’ என்னும் தொடரைப் பொருளியல் வரலாற்றில் நிலைபெறச் செய்தன. தந்தை செவிகளில் கண்டதை மகன் சமூகத்திற் பெயரிட்டான் என்று சொல்வது சற்று மிகையாகலாம். எனினும் அந்த வீட்டில் இரண்டு வினாக்களும் ஒன்றாகவே வாழ்ந்தன.

அங்கவடி எலும்பு அதன் சாளரத்தில் இறுகிப்போகும் நோயொன்றுண்டு. பரம்பரையோடு தொடர்புடைய இந்நோயில் செவிப்பறை முழுமையாக இருக்கும். உட்செவியும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இடையிலுள்ள எலும்பு அசையாது. அவ்வெலும்பை அசைத்தும் அகற்றியும் பார்க்கும் சிகிச்சைகளை 1870களில் கெசல் தொடங்கினார். ஆனால் கிருமிநாசினியும் ஒளியும் போதாத அக்காலத்தில் உட்செவிக்குக் கிருமி பரவும் ஆபத்து பெரிது. 1900ஆம் ஆண்டு பாரிசிற் கூடிய சர்வதேச மாநாட்டில் செவிவைத்தியத்தின் பெருந்தலைவர்கள் அச்சிகிச்சையைப் பயனற்றதென்றும் ஆபத்தானதென்றும் கண்டித்தனர். அரை நூற்றாண்டு காலம் அவ்வழி ஏறக்குறைய மூடப்பட்டது. 1938இல் அமெரிக்கரான லெம்பேர்ட் அவ்வெலும்பைத் தொடாமலே வேறிடத்தில் புதுச்சாளரம் திறக்கும் முறையை ஒரே சிகிச்சையில் நிறைவேற்றினார். 1952இல் ரோசன் எலும்பை மீண்டும் அசைத்துப் பார்த்தார்.

மூடிய வழியைத் திறந்தவை எவை? இங்குதான் போர் நுழைகின்றது. அதனுடன் திருகோணமலையும் நுழைகின்றது.

1942 ஏப்ரல் 9ஆம் நாள் காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடா விமானத்தளமும் கடற்படைத் தளமும் குண்டுகளுக்கு இலக்காயின. பெரும்பீரங்கிகள் தாங்கிய எரிபஸ் கப்பல் சேதமுற்றது. சகாயிங் என்ற வணிகக் கப்பல் தீப்பற்றியது. எரிபொருள் தாங்கியொன்று எரிந்தது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஹேர்மஸ் விமானந்தாங்கி முந்நூற்றுக்கு மேற்பட்டோருடன் மூழ்கியது. தொழிலாளரும் குடிமக்களும் பெருமளவில் நகரைவிட்டு வெளியேறினர்.

குண்டு வெடிக்கையில் உடலில் முதலிற் பலியாகும் உறுப்புகளுள் செவிப்பறையும் ஒன்று. நுரையீரலும் குடலும் தாங்கக்கூடிய அமுக்கத்திலேயே அது கிழிந்துவிடுகின்றது. சிறிய கிழிசல்கள் பெரும்பாலும் தாமே ஆறிவிடும். ஆனால் வெடிப்பலை எலும்புச் சங்கிலியையும் குலைத்துவிடலாம். மூன்று எலும்புகளுள் இடையில் நிற்கும் பட்டையுருவே எளிதில் இடம்பெயர்கின்றது; அதற்குத் தசையின் பிடிப்பு இல்லை. பேச்சுவழக்கில் ‘காதடைத்துப் போயிற்று’ என்போம். அந்த அடைப்பு ஓரிரு நாளில் நீங்குவதும் உண்டு, வாழ்நாள் முழுதும் நிலைப்பதும் உண்டு. குண்டுக்கு முன்னால் செவி ஒன்றுதான். ஆனால் குண்டு விழும் இடத்தில் வேலைக்கு நிற்பவர் யார் என்பது ஒன்றன்று.

அதே போரின் பட்டறைகளில்தான் பின்னர் செவிக்குட் செல்லவிருந்த பொருள்களும் உருவாயின. சீனன்குடாவிலிருந்து எழுந்த ஹரிக்கேன் விமானங்களின் மூடிகள் பேர்ஸ்பெக்ஸ் என்னும் ஒளிபுகும் அக்கிரிலிக்கால் ஆனவை. பிரித்தானியாவில் அத்தகைய மூடி உடைந்து விமானியின் கண்ணிற் பாய்ந்த துகள்களைக் கண் நிராகரிக்காமல் ஏற்றுக்கொண்டதைக் கண்ட ரிட்லி, 1949இல் அதே பொருளாற் கண்வில்லை செய்தார். 1952இல் ஜெர்மனியின் வுல்ஸ்ரைன் செவிச்சங்கிலியின் அறுந்த இடத்தில் அக்கிரிலிக் தூணொன்றை நிறுத்திப் பார்த்தார். 1938இல் டூபொன்ட் நிறுவனத்தில் பிளங்கெற் தற்செயலாகக் கண்ட டெப்லோன், எதனோடும் ஒட்டாத, எந்த அமிலத்துக்கும் கரையாத பொருள். அதன் முதற் பெரும்பயன் அணுக்குண்டுக்காக யுரேனியத்தைப் பிரித்த ஆலையின் குழாய்களிலும் அடைப்புகளிலும் கிட்டியது. பெனிசிலின் பெருமளவில் உற்பத்தியானதும் போர்முனைக்காகவே. போர் முடிந்து சில ஆண்டுகளில், 1953இல், செயிஸ் நிறுவனத்தின் சத்திரசிகிச்சை நுணுக்குக்காட்டி விற்பனைக்கு வந்தது. 1900இல் இல்லாத ஒளி, உருப்பெருக்கம், கிருமிநாசினி, உடல் ஏற்கும் பொருள் ஆகிய நான்கும் 1950களில் ஒருங்கே இருந்தன.

1956 மே முதலாம் நாள், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் யோன் ஷே என்ற இளம் வைத்தியர், ஐம்பத்துநான்கு வயதுப் பெண்ணொருவரின் செவியிலிருந்து இறுகிய அங்கவடி எலும்பை அகற்றினார். திறந்த சாளரத்தை நாளத்தின் துண்டொன்றால் மூடி, அதன்மேல் டெப்லோனாற் செதுக்கிய எலும்பைப் பொருத்தினார். பிற்காலத்தில் இது மேலும் எளிமையாகி, அரை மில்லிமீற்றர் அளவே தடித்த, நான்கு மில்லிமீற்றர் நீளமான ஒரு சிறு முசலமாயிற்று. உணர்விழக்கச் செய்யாமல், செவியை மட்டும் மரக்கச்செய்து நடத்தும் சிகிச்சையாதலால், நோயாளி மேசையிற் கிடக்கும்போதே கேட்கத் தொடங்கிவிடுவார். ‘இப்போது கேட்கிறதா’ என்ற வைத்தியரின் வினாவுக்கு அவரே விடையளிப்பார். மருத்துவத்தில் இத்தகைய கணங்கள் அதிகமில்லை.

அதே 1956 இலங்கையில் வேறுவகையிற் செவியின் ஆண்டு. ஜூனில் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியது. ஆகஸ்டில் தமிழரசுக் கட்சியின் மாநாடு திருகோணமலையிற் கூடித் தனது கோரிக்கைகளை வகுத்தது. அடுத்த ஆண்டு ஒக்ரோபர் 15ஆம் நாள் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. ஏகாதிபத்தியக் கொடி இறங்கியதை வரவேற்காத முற்போக்காளர் இல்லை. ஆயினும் கொடியிறக்கத்தோடு தளத்தின் வேலைவாய்ப்பும் பெரிதும் இறங்கிற்று. எஞ்சிய அரச அலுவலகங்களில் தமிழ் பேசும் தொழிலாளியின் மொழி கேட்கப்படாத மொழியாயிற்று. செவிகள் நன்றாக இருந்தும் கேளாமை ஒன்றுண்டு. அதற்குச் சத்திரசிகிச்சை இல்லை.

இறுகிய அங்கவடியைவிட நமது நாடுகளில் மிகப் பரவலானது வேறொரு நோய்: காதிற் சீழ் வடிதல். பிள்ளைப்பருவத்துச் சளி நடுச்செவிக்குப் பரவி, செவிப்பறையைத் துளைத்து, ஆண்டுக்கணக்கில் வடிகின்றது. நாட்செல்ல, இரத்தவோட்டம் மிகக் குறைந்த பட்டையுருவின் நீண்ட முனை முதலிற் கரைகின்றது, சங்கிலி அறுகின்றது. 2004இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் 650 இலட்சம் முதல் 3,300 இலட்சம் வரையான மக்களுக்குச் செவி வடிகின்றது. அவர்களுள் அறுபது சதவீதத்தினர் குறிப்பிடத்தக்க கேட்டலிழப்புக்கு ஆளாகியுள்ளனர். இச்சுமையின் பெரும்பங்கைத் தாங்குவன தென்கிழக்காசியா, மேற்குப் பசிபிக், ஆபிரிக்கா ஆகிய பிராந்தியங்களே. நெருக்கமான குடியிருப்பு, அடுப்புப்புகை, சத்துக்குறைவு, எட்டாத வைத்தியசாலை என்பன இதன் காரணங்கள். யோசப் ரொயின்பி இலண்டனின் ஏழைக் குடியிருப்புகளுக்குக் காற்றோட்டம் கேட்டது இதனோடு தொடர்பற்றதன்று.

இந்நோய்க்கான மறுசீரமைப்பை 1950களின் தொடக்கத்தில் வுல்ஸ்ரைனும் சோல்னரும் ஜெர்மனியில் முறைப்படுத்தினர். முதலில் சீழை நீக்கி, கிழிந்த பறையைத் தசையுறையால் மூட வேண்டும். பின்னரே சங்கிலியை இணைக்க வேண்டும். அங்கவடியின் வளைவு எஞ்சியிருந்தால் அதன் தலையிலிருந்து பறைவரை எட்டும் பகுதிப் பொய்யுறுப்பு போதும். வளைவும் கரைந்துவிட்டால் அடித்தட்டிலிருந்து பறைவரை நிற்கும் முழுப் பொய்யுறுப்பு வேண்டும். எப்பொருளால் அதனைச் செய்வது என்பதே தொடர்ந்து வந்த அரை நூற்றாண்டின் தேடல். அக்கிரிலிக்கைச் செவி வெளியே தள்ளியது. 1970களில் நுண்துளைகள் கொண்ட பொலித்தீன் வந்தது. அதுவும் பறையைத் துளைத்து வெளியேறியமையால், பறைக்கும் அதற்கும் இடையே நோயாளியின் குருத்தெலும்புத் துண்டை வைக்கவேண்டியதாயிற்று. 1980களில் எலும்பின் கனிப்பொருளையொத்த ஐதரொட்சியப்பற்றைற்று வந்தது. 1990களிலிருந்து சில மில்லிகிராம் நிறையே உள்ள தைத்தேனிய உறுப்புகள் முதன்மை பெற்றன. இறந்தோரின் எலும்பைப் பொருத்தும் வழக்கம், தொற்றுநோய் அச்சத்தால், பெரும்பாலும் கைவிடப்பட்டது.

இத்தேடலுக்கு நடுவே, 1957இல், ஹோலும் றைட்ஸ்னரும் ஓர் எளிய வழியைக் காட்டியிருந்தனர். நோயாளியின் சொந்தப் பட்டையுருவையே வெளியே எடுத்து, சிறிது செதுக்கி, அங்கவடிக்கும் சம்மட்டியுருவுக்கும் இடையே மீண்டும் வைப்பதே அது. அதற்கு இறக்குமதி வேண்டியதில்லை, விலையில்லை, உடல் நிராகரிப்பதுமில்லை. வேண்டியவை கையின் பயிற்சியும் நேரமும் நுணுக்குக்காட்டியுமே. எலும்பு முழுவதும் கரைந்தோருக்கு இது கைகொடுக்காது என்பது உண்மை. ஆயினும் மூன்றாம் உலகின் சத்திரசிகிச்சை வரலாற்றை எழுதும்போது தைத்தேனியத்திற்குத் தரப்படும் இடம் இச்செதுக்கிய எலும்புக்குத் தரப்படுவதில்லை. விற்கமுடியாத பொருளுக்கு விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லாததற்கு வரலாறும் சுருக்கமே.

இவ்விடத்தில் முற்போக்காளர் சிலரின் எளிமைப்படுத்தலையும் மறுக்கவேண்டியுள்ளது. டெப்லோன் அணுக்குண்டின் பிள்ளை, ஆகவே அச்சிகிச்சையும் ஏகாதிபத்தியத்தின் பரிசு என்று கூறிவிடுவது வரலாற்றுப் பொருள்முதல்வாதமன்று, அதன் கேலிச்சித்திரம். பொருளின் பிறப்பிடம் அதன் பயனை நிர்ணயிப்பதில்லை; பயனை யார் பெறுகிறார் என்பதைச் சமூக உறவுகளே நிர்ணயிக்கின்றன. மெம்பிசின் அந்தப் பெண்ணுக்குக் கேட்டது உண்மையான கேட்டலே. தனிமனித மேதைமையைப் போற்றும் மருத்துவ வரலாறுகள் மறுபக்கத்தில் தவறுகின்றன. ஷேயின் கைத்திறன் மெச்சத்தக்கது. ஆனால் அந்தக் கைக்கு வந்துசேர்ந்த நான்கு கருவிகளுக்கும் ஆலைத் தொழிலாளரின் கைகள் முன்சென்றிருந்தன.

திருகோணமலையின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகின்றது. 1983 முதல் 2009 வரையான போரில் அம்மாவட்டம் வெடிப்பொலியின் மாவட்டமாக இருந்தது. 2006இல் மாவிலாற்றிலும் மூதூரிலும் நிகழ்ந்த மோதல்கள் ஆயிரக்கணக்கானோரை இடம்பெயரச் செய்தன. முகாமின் நெருக்கத்தில் வளரும் பிள்ளையின் வடியும் செவிக்கும், எறிகணையருகே நின்றவரின் கிழிந்த செவிக்கும் தேவைப்படுவது ஒரே சிகிச்சைதான். இலங்கையின் அரச வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசம். இது மக்கள் போராடிப் பெற்ற உரிமை, எளிதாக எண்ணத்தக்கதன்று. ஆனால் நுணுக்குக்காட்டியும் பொய்யுறுப்பும் அந்நியச் செலாவணி கொடுத்துப் பெறுவன. 2022ஆம் ஆண்டு ஜனவரியில், பிரித்தானியர் கட்டிய திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளை ஐம்பது ஆண்டுகளுக்கு அபிவிருத்தி செய்வதற்கான உடன்படிக்கைகள் கைச்சாத்திடப்பட்டன. அதே ஆண்டின் செலாவணி நெருக்கடியில் நாட்டின் பல வைத்தியசாலைகளில் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. செவிச்சங்கிலியை இணைப்பது எப்போதும் அவசரமற்ற பட்டியலிலேயே இருக்கின்றது. செவிடானவர் அதனால் உடனே இறப்பதில்லை. பள்ளியிற் பின்வரிசைக்குப் போகின்றார். வேலையிற் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாதவர் எனப் பெயரெடுக்கின்றார்.

சிகிச்சை வென்றதா என்பதை அளக்கும் முறையிலும் நமது துறைக்கு வேலையிருக்கின்றது. தூய ஒலிகளை எழுப்பும் கருவிக்கு மொழி இல்லை. காற்றுவழிக் கேட்டலுக்கும் எலும்புவழிக் கேட்டலுக்கும் உள்ள இடைவெளி 20 டெசிபெலுக்குட் சுருங்கினால் வைத்தியர் வெற்றி என்று எழுதுவார். ஆனால் பேச்சு விளங்குகின்றதா என்பதை அறியச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லக் கேட்கவேண்டும். அச்சொற்கள் நோயாளியின் மொழியில், அவர் நாளாந்தம் புழங்கும் சொற்களாக இருத்தல் வேண்டும். 1960களில் மைசூரில் நிறுவப்பட்ட அகில இந்திய பேச்சு கேட்டல் நிறுவனம் போன்ற இடங்களின் முயற்சியால் இந்திய மொழிகளுக்கு இத்தகைய சொற்பட்டியல்கள் உருவாயின, தமிழுக்கும் உண்டு. அவை தமிழ்நாட்டு வழக்கைச் சார்ந்தவை. ல, ள, ழ வேறுபாடு அங்கும் இங்கும் ஒரே வகையில் ஒலிக்கப்படுவதில்லை. மூதூர், கிண்ணியா முஸ்லிம் மக்களின் பேச்சும், நகரத் தமிழரின் பேச்சும், குச்சவெளிக் கடற்றொழிலாளரின் சொற்றொகுதியும் தம்முள் வேறுபடுவன. இரைச்சலாற் கெட்ட செவி ச, ஸ போன்ற உயர் அதிர்வுள்ள ஒலிகளை முதலில் இழக்கின்றது. சங்கிலி அறுந்த செவியோ எல்லா ஒலிகளையும் ஏறக்குறைய ஒருசேரத் தாழ்த்திக் கேட்கின்றது. சொல்லைத் திருப்பிச் சொல்லும்போது தவறுகள் விழும் இடத்தைக் கொண்டே இவ்விரண்டையும் ஓரளவு பிரித்தறியலாம். கிழக்கிலங்கையின் வழக்குச் சொற்களைக் கொண்டு அத்தகைய பட்டியல் ஒன்றை ஆக்குவதற்கு வேண்டியவை ஒலியியல் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர், செவிச்சோதனையாளர் ஒருவர், துறைமுக வீதியிலிருந்து மூதூர் இறங்குதுறைவரை சென்று பேச்சைப் பதிந்துவரச் சில மாணவர்.